தாழிக்குள் ஒரு பங்கு

அந்தக் காலத்தில் ஆறும் பறவையும் மனிதரோடு பேசின. பொருநைக் கரையில் ஓர் ஊர் இருந்தது. குடிக்க நீர், வயலுக்கு வண்டல், பானைக்குக் களிமண், குழம்புக்கு மீன், எல்லாம் ஆறு தந்தது. இறந்தவரையும் கரை மணலிலேயே புதைத்தார்கள். தோண்டச் சுலபம். ஐப்பசி வெள்ளம் ஆண்டுதோறும் அந்தப் பிணங்களை எடுத்துப் போனது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கொற்றி கேட்டாள். அவள் பானை வனைபவள். அவளுடைய ஆறு வயது மகள் எயினி, கோடையில் காய்ச்சல் கண்டு இறந்து அந்த மணலில்தான் கிடந்தாள்.

ஐப்பசி பிறந்ததும் ஆள்காட்டிக் குருவி ஒன்று கொற்றியிடம் வந்தது. "அக்கா, இந்தமுறை நீர் பெரிது. மூன்றே நாள். நான் குஞ்சுகளோடு பரம்புக்குப் போகிறேன்." ஊருக்கு மேற்கே கல்லும் முள்ளுமாகக் கிடந்த மேடுதான் பரம்பு.

கொற்றி ஊராரிடம் சொன்னாள். "குருவிக்கு வேறு வேலை? கத்தத்தான் செய்யும்" என்று சிரித்தார்கள்.

அவள் ஆற்றிடம் போனாள். "என் பிள்ளையை மட்டும் விட்டுவிடு."

"எனக்கு ஆள் தெரியாது தாயே" என்றது ஆறு. "வைக்கோலும் பிள்ளையும் எனக்கு ஒன்றுதான். வழியில் கிடப்பதைக் கொண்டுபோவேன்."

"எங்கேதான் வரமாட்டாய்?"

"பரம்புக்கு. அவ்வளவு ஏற என்னால் முடியாது."

பரம்பில் ஆழமாகத் தோண்ட முடியாது, நரி வரும். மூடிவைக்கப் பெரிய தாழி வேண்டும். புதிதாக வனைந்தால் மழை ஈரத்தில் காயாது. வீட்டில் இருந்த ஒரே பெரிய தாழியில், ஊரார் அவளிடம் காக்கக் கொடுத்த விதைநெல் முழுவதும் இருந்தது. அதில் கைவைத்தவருக்கு ஊரில் இடமில்லை. வீட்டில் கொட்டினால் தெரிந்துவிடும் என்று, நெல்லோடு தாழியை வண்டியில் ஏற்றி வைக்கோலால் மறைத்தாள். கணவன் உதிரன் மாட்டைப் பூட்டினான்.

வண்டி பரம்புப் பக்கம் திரும்புவதை எதிர்வீட்டுச் சேந்தன் பார்த்துவிட்டான். "என்ன தங்கச்சி, பரம்பில் நாற்று நடப்போகிறாயா?"

"ஆமாம் அண்ணே. கல்லில் நட்டால் களை வராது."

சேந்தன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். மணலில் இருந்ததைத் துணியில் சுற்றி எடுத்தார்கள். அதைப் பற்றி இருவரும் பிற்பாடு ஒருநாளும் பேசவில்லை. பரம்பில் நெல்லை ஒரு பாறைக் குடைவுக்குள் கொட்டி ஓலைப்பாய் போட்டு மூடினார்கள். எயினியைத் தாழிக்குள் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் வெள்ளம் கூரைக்கு மேலே வந்தது. ஊரே பரம்பில் ஏறியது. சேந்தன் தாழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தான்.

"விதைத் தாழியிலா பிணத்தை வைத்தாய்? உன்னை..." கை ஓங்கினான்.

கொற்றி நகரவில்லை. "என்னைத் துரத்து அண்ணே. அவளை வெளியே எடுக்காதே."

சேந்தன் கீழே பார்த்தான். கொற்றி வீடு இருந்த இடத்தில் செந்நீர் சுழன்றது. தாழி அங்கே இருந்திருந்தால் நெல்லும் போயிருக்கும். ஓலைப்பாயை விலக்கினான். நெல் நனையாமல் இருந்தது. பிறகு ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து எயினியின் காலடியில் போட்டான்.

"ஊருக்கே விதையைக் காத்துக் கொடுத்தவள் உன் மகள்" என்றான். "பங்கு கொடுக்காமல் எப்படி அனுப்புவது?"

மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து ஒரு பிடி போட்டார்கள்.

அன்று முதல்தான் பொருநைக்காரர்கள் ஆற்றோர மண்ணை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் பரம்புக்குச் சுமந்தார்கள். மூடும் முன், அடுத்த விதைப்பில் அவர்களுக்கு உரிய நெல்லையும் உள்ளே போட்டார்கள்.