மண்ணுக்கடியில் ஓர் ஆறு

வெட்டாமல், தோண்டாமல் மண்ணுக்குள் பார்க்கும் கண் எது? சொல்லுங்கள் பார்ப்போம். காந்த அளவி!

அருகில் இரும்பு இருந்தால் அது குழம்பிவிடும். அதனால் தொல்லியல் ஆய்வுக்குழுக் கூலியாள் அஞ்சலை, சேலை ஊக்கைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் அதைச் சுமந்து பொட்டல் முழுக்க நடந்தாள்.

செங்கல் சூளை முதலாளி வேலப்பன், பேத்தியோடு காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே சூளைக்கு மண் அள்ளப் பொக்லைன் வந்தது.

“கற்கால ஆறு இருக்காமே? ஒரு பிடி மண் எடுக்காம காட்டு. இல்லேன்னா இப்பவே தோண்டிருவேன்.”

அஞ்சலை அளவியின் திரையைக் காட்டினாள். “வளைஞ்சு போகுதே, இதுதானுங்க ஆறு. கரையில அடுப்பு எரிச்ச தடங்க.”

“மிஷின் புளுகுது!”

“வேலியோரம் பெரிய இரும்பு கிடக்குன்னும் காட்டுதுங்க. அதுவும் புளுகுதானுங்களே?”

“அதெப்படிப் புளுகாகும்? உன் மிஷினைக் குழப்ப நான் புதைச்ச கடப்பாரைடி அது!”

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த ஊரே சிரித்தது.

“அப்போ மிஷின் நிஜம்தான் சொல்லுதுன்னு நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க, மொதலாளி. ஆத்துல எவன் பொக்லைனை இறக்குறான்னு பார்த்துடறேன்” என்றாள் அஞ்சலை.

பொக்லைன் ஓட்டுநர் சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டார்.

வேலப்பன் காரில் ஏறி, “வா பாப்பா, போகலாம்” என்றார்.

பேத்தி ஏறவில்லை. திரையில் பார்த்த ஆறு போன வழியிலேயே, பொட்டலில் வளைந்து வளைந்து நடக்கத் தொடங்கினாள்.