முப்பத்தெட்டு அழைப்புகள்

பாளையங்கோட்டையில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த கணினி மையத்தில், தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வருமுன் ஓர் ஒலி வரும். முதலில் கரகரப்பு, பிறகு கீச்சல், பிறகு நீண்ட ஊளை. அப்புறம் அமைதி. இருபது வயதில் அதைக் கேட்ட அன்றே ஜெபமணி முடிவு செய்துவிட்டார், இந்தத் துறையில் பெரிய ஆளாக வேண்டும் என்று.

நாற்பத்தேழு வயதிலும் முடிவு அப்படியே இருந்தது. ஆள்தான் இன்னும் ஆகவில்லை.

கோவையில், பேருந்து முன்பதிவுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே தலைமைப் பொறியாளர் மெஹருன்னிசா, அவரைவிட ஒன்பது வயது இளையவர். தனக்குத் தெரிந்த நல்லதெல்லாம் அவரிடம் கற்றதுதான் என்று ஜெபமணி எல்லோரிடமும் சொல்வார். “குருவே” என்றுதான் கூப்பிடுவார். கேலியாகத் தொடங்கியது அது. நாளடைவில் கேலி உதிர்ந்து சொல் மட்டும் நின்றது. அவர் பதிலுக்கு “அண்ணாச்சி” என்பார்.

துறையின் முன்னணி ஆளுமைகள் பட்டியலுக்கு ஒரு சங்கம் விண்ணப்பம் கேட்டிருந்தது. இரண்டு முறை நிராகரிக்கப்பட்ட ஜெபமணி மூன்றாவது முறையும் எழுதினார். மேலதிகாரியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். மெஹருன்னிசாவிடம் போய் நின்றார்.

“முன்னணி ஆளுன்னு எதை வெச்சு சொல்றாங்க, குருவே?”

மெஹருன்னிசா அவர் கையிலிருந்த கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தார். நாசரேத்தில் அக்கா மகனுக்குக் கல்யாணம். ஒரு வாரம் போய்வாருங்கள், மடிக்கணினியை இங்கேயே பூட்டிவையுங்கள், வந்ததும் எழுதித் தருகிறேன் என்றார்.

எட்டாம் நாள், மஸ்கோத் அல்வாப் பொட்டலத்துடன் ஜெபமணி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“முப்பத்தெட்டு போன், குருவே. கோயில்ல தாலி கட்டும்போதுகூட விடலை.”

என்ன கேட்டார்கள் என்று மெஹருன்னிசா விசாரித்தார். ஜெபமணி உற்சாகமாகச் சொன்னார். வியாழக்கிழமை மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றும் நாள். அவர் எழுதிவைத்த கோப்புகள் மூன்று இருந்தன: ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’, ‘இதுதான் கடைசி’. ஏற்ற வேண்டியது முதலாவதைத்தான். அது அவருக்கு மட்டுமே தெரியும். அவருடன் வேலை செய்யும் பூங்கோதை மூன்றாவதை ஏற்றிவிட்டாள். மதுரை வண்டியில் ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போனது. பூங்கோதை அழுதேவிட்டாள். இவர்தான் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய், போனிலேயே எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தாராம்.

“நான் இல்லேன்னா ஒண்ணும் ஓடலை, பாத்தீங்களா?”

“பாத்தேன்” என்று சொல்லி மெஹருன்னிசா ஒரு துண்டு அல்வாவை எடுத்துக்கொண்டார்.

ஜெபமணிக்கு ஓர் ஆவல். போன வருஷம் அறுவை சிகிச்சைக்காக மூன்று மாதம் விடுப்பில் இருந்தீர்களே, உங்களுக்கு எத்தனை வந்தது என்று கேட்டார்.

“ஒண்ணு.”

“ஒண்ணா? எதுக்கு?”

“பெருநாளைக்கு நான் வட்டலப்பம் கொண்டுவருவேன்ல, அதுக்கு எத்தனை முட்டைன்னு பூங்கோதை கேட்டா.”

ஜெபமணி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

மெஹருன்னிசா கடிதத்தை அச்செடுத்து, கையெழுத்திட்டு நீட்டினார். ஒரே வரி. ‘ஜெபமணி இல்லாவிட்டால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வேலையும் நடக்காது.’

ஜெபமணி அதை இரண்டு முறை படித்தார்.

“இது பாராட்டா, புகாரா, குருவே?”

“எனக்கென்ன தெரியும், அண்ணாச்சி? அழுதவ அந்தா உக்காந்திருக்கா. அவகிட்ட கேளுங்க.”

கடிதத்தை ஜெபமணி அனுப்பவில்லை. அந்த ஆண்டுப் பட்டியலில் ஈரோட்டுக்காரர் ஒருவரின் பெயர் வந்தது. அடுத்த கோடையில் ஜெபமணி கைப்பேசியை அணைத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, இருபது நாள் விடுப்பில் போனார். இடையில் வந்த மூன்று வியாழக்கிழமைகளிலும் புதிய பதிப்பைப் பூங்கோதை பிசகில்லாமல் ஏற்றினாள்.