கிளட்சில் கட்டிய எலுமிச்சம்பழம்

ரைஸ்மில் முதலாளி ஆவுடையப்பன் பைக்கில் கிளம்பினால் இன்ஜின் சத்தம் ஊரைக் கூட்டும், வண்டி மட்டும் நத்தையாய் நகரும். கிளட்சை எத்தனை தடவை அட்ஜஸ்ட் செய்தாலும் பழைய குருடி கதவைத் திறடிதான். அன்று ஒர்க் ஷாப் வாசலில் வந்து நின்று, மெக்கானிக் மாடத்தியைப் பார்த்து உறுமினார்.

"ஏட்டி, சாயங்காலத்துக்குள்ள கிளட்ச் சரியாகணும். ஆனா என் வண்டியில ஸ்பேனர் படக்கூடாது. முடியலைன்னா கடையைக் காலி பண்ணிரு, கட்டடம் என்னுது!"

மாடத்தி சிரித்தாள். "இது திருஷ்டி மொதலாளி. கழிச்சிருவோம்."

பக்கத்து சர்பத் கடையில் பாதி எலுமிச்சம்பழம் வாங்கி, கிளட்ச் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே நூலால் கட்டினாள்.

"எப்பவும் போல ஓட்டி, ஆத்துப்பாலம் வரை போயிட்டு வாங்க. நேர் ரோடு, கியர் மாத்துற வேலையே இல்ல."

போனவர் திரும்பி வந்தார். வெள்ளைச் சட்டையில் முழங்கை வரை சாறு வழிந்தது. பழம் சக்கையாய்த் தொங்கியது.

"திருஷ்டி கழிஞ்சுதா?"

"கண்ணு எங்க பட்டுது மொதலாளி? உங்க கைதான் பட்டிருக்கு! கிளம்புறப்ப ஒரு அமுக்கு சரி, சும்மா போற ரோட்டுலயும் கிளட்சை இந்த அமுக்கு அமுக்குனா, புது பிளேட்டுன்னாலும் தாங்குமா? கியர் விழுந்ததும் கையை எடுங்க, ஸ்பேனரே வேண்டாம்."

பழத்தை அவிழ்த்துவிட்டு, கியர் போட்டுக் கிளம்பியதும் லீவரில் விரல் படாமல் ஓட்டிப் போனார். வண்டி சிட்டாய்ப் பறந்தது. கடையைக் காலி செய்யும் பேச்சும் அதோடு போயிற்று.

சர்பத்காரருக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஒரு சொட்டு மிச்சமில்லாமப் பிழியுற கை! அதைப் போயி ரைஸ்மில்லுல வச்சிருக்காரே மனுசன்!"