சொல்லிக்கொள்ளாமல்

வைத்திலிங்கம் மூன்றாவது வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றப்போனபோது ஞானம்மை கிணற்றடிக்கு வந்தாள்.

“யார் வீட்டுத் துக்கம், ஐயா?”

“அண்ணன் வீடு.”

“எப்போ?”

வாளி பாதி உயரத்தில் நின்றது.

“அண்ணன் இருக்காரு அம்மா,” என்றார்.

ஞானம்மை அவரைப் பார்த்தாள். அவர் வாளியைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, உடம்பு முழுக்க நனைந்திருப்பதை அப்போதுதான் கண்டவர்போல், துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார்.

ஞானம்மை அந்த மடத்தின் குரு. வயது முப்பத்தெட்டு. வைத்திலிங்கம் அவளுடைய சீடர். வயது அறுபத்தொன்று. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஊரில் இருந்தார்கள். அவர் பொருட்படுத்தியதில்லை. மடத்தில் அவருக்கு ஒரே வேலைதான். சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ஆள் வரும். போய், உடலின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பதிகம் பாடுவார். முடிந்ததும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவார். சாவு வீட்டில் ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. மடத்துக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொள்வார். பதினாறு வருடமாக இப்படித்தான்.

“என்ன நடந்துச்சு?”

“அண்ணனுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து மூணு மாசம் ஆச்சு. பேச்சு இல்ல. நான் போகாம தள்ளிக்கிட்டே இருந்தேன். பாட்டுக் கேட்டா அவருக்கு நல்லா இருக்கும்னு அண்ணி ஆள் விட்டாங்க. இன்னிக்கு முதல் பஸ்ஸுல போனேன். தலைமாட்டுல உட்கார்ந்து பாடினேன்.”

“அப்புறம்?”

“எழுந்தேன்.” நிறுத்தினார். “துண்டை உதறினேன்.”

“சொல்லிக்கிட்டீங்களா?”

இல்லை என்று தலையசைத்தார்.

“திரும்பிப் பாத்தீங்களா?”

அதற்கும் அதே அசைவுதான்.

சமையல்கட்டு ஜன்னலில் பரிபூரணத்தின் முகம் தெரிந்தது. மடத்துக்குச் சமைப்பவள். எந்தப் பேச்சையும் தன்னைத் தாண்டிப் போக விடமாட்டாள்.

“கோவிச்சுக்கிட்டுப் போற மருமகன்கூட வாசல்ல நின்னு ‘வரேன்’னுட்டுத்தான் போவான். உசுரோட கிடக்கிற மனுசன்கிட்டேருந்து இப்படியா எழுந்து வருவாங்க?”

“பரிபூரணம்,” என்றாள் ஞானம்மை.

“நான் ஒண்ணும் சொல்லல. எனக்குக் குழம்பு கொதிக்குது.”

வைத்திலிங்கம் எழுந்தார். “இதுக்குப் பரிகாரம் இருக்கா அம்மா?”

“முதல்ல தலையத் துவட்டுங்க.”

“நான் வாசலைத் தாண்டினதும் அண்ணனுக்கு ஏதாவது…”

“போன் போட்டுக் கேளுங்க.”

மடத்துக் கைப்பேசி மாடத்தில் இருந்தது. எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினார். மூன்றாவது முறை மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி கொல்லையில் இருப்பார் என்று நினைத்தார். குளித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தார். அடுத்து நினைக்க வந்ததை நினைக்காமலிருக்கச் சுவரில் கைவைத்து நின்றார்.

“யாரு?”

“நான்தான் அண்ணி. அண்ணன்…”

“இருக்காங்க தம்பி. நீங்க எழுந்து போனதப் பாத்தேன். ஏன்னு நான் கேக்கல. ஆனா அதுலேருந்து மூணு தடவ மூக்குக்கிட்ட கை வச்சுப் பாத்துட்டேன்.”

“அண்ணி…”

“நீங்க போனத அவங்களும் பாத்தாங்க. கஞ்சி குடுத்தா வாயத் தொறக்கல. வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்காங்க.”

இந்த இடத்தில் யாராவது ‘வச்சிடறேன்’ என்பார்கள். அவருக்கு அந்தச் சொல் வரவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. மறுமுனையில் மின்விசிறி தட்டித்தட்டிச் சுற்றுவது கேட்டது. வைத்திலிங்கம் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் ஒரு குழந்தை போனைப் பிடுங்கி, “பை” என்றது. இணைப்பு அறுந்தது.

“அண்ணன் பேத்தி,” என்றார். “பைன்னா என்ன அர்த்தம் அம்மா? போறேன்னா, வரேன்னா?”

ஜன்னலிலிருந்து பதில் வந்தது. “எல்லாத்துக்கும் அதுதான். என் பேத்தி பள்ளிக்கூட வேன்ல ஏறும்போதும் அதைத்தான் சொல்றா. செத்துப்போன கோழிக்கும் அதைத்தான் சொன்னா.”

ஞானம்மை சிரித்துவிட்டாள். வைத்திலிங்கத்துக்குச் சிரிக்க வரவில்லை.

“பன்னெண்டு மணிக்கு பஸ் இருக்கு,” என்றாள் ஞானம்மை.

“போய் என்னன்னு சொல்வேன்? காலைல சொல்ல மறந்துட்டேன், இப்போ சொல்லிட்டுப் போக வந்தேன்னா? அதுக்குன்னே ஒருத்தன் பஸ் ஏறி வந்தா படுத்திருக்கிறவருக்கு என்ன தோணும்?”

“ம்.”

“நான் போறதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா? மறுபடியும் சொல்லாமத்தான் வரணும். அப்போ காலைல வந்ததுதான் கடைசி.”

“ம்.”

“எப்படி விடைபெறணும்னு மட்டும் சொல்லுங்க. அது தெரிஞ்சா இப்பவே கிளம்பிடுவேன்.”

ஞானம்மை படியில் உட்கார்ந்தாள்.

“அண்ணன் என்ன போர்த்திட்டு இருந்தாரு?”

யோசித்தார். “தெரியல.”

“தாடி வளந்திருக்கா? மழிச்சு விட்டிருக்காங்களா?”

“கவனிக்கல.”

“எந்தக் கை விழுந்திருக்கு?”

வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

“தலைமாட்டுல உட்கார்ந்தா தெரியாதும்மா.”

“ஒரு மணி நேரம் எதைப் பாத்துப் பாடினீங்க?”

“எப்பவும் விளக்கைப் பாத்துப் பாடுவேன். அங்க விளக்கு இல்ல. எதிர்ல காலண்டர் இருந்துச்சு. ரெண்டு நாளா கிழிக்காம இருந்துச்சு.”

உள்ளே கடுகு வெடித்தது.

“நீங்க இன்னும் அங்க போகவே இல்ல, ஐயா,” என்றாள் ஞானம்மை. “போங்க. கிளம்புறதப் பத்தி அப்புறம் பேசலாம்.”

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பாதி வழியில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. பஸ் நின்றது. அண்ணன் ஊருக்கு இன்னும் நான்கு நிறுத்தம் இருந்தது. இருந்தும் அவர் எழுந்து நின்று, முன்னால் இருந்தவர்களின் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“உட்காருங்க பெரியவரே,” என்றார் கண்டக்டர். “மாரியம்மன் கோயில் காப்புக் கட்டு.”

உட்கார்ந்தார். கால்கள் உட்காரவில்லை.

அண்ணன் தெருவில் திரும்பியதும் வாசலைத்தான் முதலில் பார்த்தார். செருப்புகள் குவிந்திருக்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.

அண்ணன் ஏகாம்பரம் நடையை ஒட்டிய அறையில் படுத்திருந்தார். பச்சைப் போர்வை, ஓரம் பிய்ந்தது. நான்கு நாள் தாடி. கண்கள் வாசலில் இருந்தன. வைத்திலிங்கம் உள்ளே வந்ததும் அவரோடு நகர்ந்து வந்தன.

முக்காலி காலையில் விட்ட இடத்தில், தலைமாட்டில் இருந்தது. அதை இழுத்துக் கட்டிலின் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணனுக்கு இவ்வளவு நரைத்திருப்பது அவருக்குத் தெரியாது. உதடு ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஏதோ சொல்ல முயன்று, விட்டுவிட்டு, அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபமாக இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. வைத்திலிங்கம் பார்வையை எடுக்காமல் இருந்தார். அது பாடுவதைவிடக் கடினமாக இருந்தது.

“பாடப்போறீங்களா தம்பி?” என்று அண்ணி கேட்டார்.

“இல்ல அண்ணி.”

“எத்தனை மணிக்குத் திரும்பணும்?”

“நாலு மணிக்கு பஸ்.”

விழுந்திருந்தது வலது கை. போர்வைக்கு மேல், வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. நகங்கள் வளர்ந்து ஓரங்களில் அழுக்கு ஏறியிருந்தது. மருந்துப் புட்டிகளுக்கு நடுவே ஜன்னலில் ஒரு நகவெட்டி இருந்தது. வைத்திலிங்கம் எட்டி அதை எடுத்தார். கட்டைவிரலில் தொடங்கினார். சதையில் பட்டுவிடுமோ என்று ஒவ்வொரு விரலுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

தெருமுனையில் நாலு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார்.

வைத்திலிங்கம் முக்காலியைத் தூக்கிக் கட்டிலின் மறுபக்கம் போட்டு, இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.