புகைக்கு எதிரே பதினெட்டுப் பைகள்

செங்கமலத்துக்கு நாற்பது வயது. அவளுடைய சீடருக்கு அறுபத்து மூன்று. இதில் ஊருக்குத்தான் சங்கடம், அவர்களுக்கு இல்லை. அவள் நாற்றுப்பண்ணை வைத்திருந்தாள். தபால் துறையில் ஓய்வு பெற்ற திருமேனி கத்தரி நாற்று வாங்க வந்தார். அவள் பேச்சைக் கேட்டதும், "இனி நீங்கதான் எனக்குக் குரு" என்று சொல்லிவிட்டார். அவள் வேண்டாம் என்றாள். மனிதர் கேட்டால்தானே!

ஒரு நாள் காலையிலேயே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"மாடித் தோட்டத்தைக் கலைச்சிடப் போறேம்மா."

"பூச்சி விழுந்திருச்சா?"

"புகை. குப்பைக்கிடங்கு மறுபடி எரியுது. மூணு நாளா என் வீட்டுக்காரிக்கு மூச்சு வாங்குது, மருந்துக்கும் அடங்கல. காத்து சுத்தமாகும், சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு பதினெட்டுப் பையில செடி வச்சேன். என்னத்தைச் சுத்தமாச்சு? வீட்டுத் தோட்டத்தால உலகத்துக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா, சொல்லுங்க."

செங்கமலம் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினாள்.

வாசலில் அவர் மனைவி மரகதம் நாற்காலியில் உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் குப்பை வண்டிக்காக ஒரு வாளி காத்திருந்தது. அதில் வெண்டைக்காய்க் காம்பு, வாழைப்பழத் தோல், வெங்காயச் சருகு.

செங்கமலம் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

"அம்மா, அது குப்பை! வண்டி வர்ற நேரம்!" திருமேனி பின்னாலேயே ஓடினார்.

மாடியில் தக்காளியும் கத்தரியும் குறையில்லாமல் காய்த்திருந்தன. மூலையில் நான்கு பிளாஸ்டிக் மூட்டைகள். செங்கமலம் அவற்றைப் பார்த்தாள்.

"மண்புழு உரம். நயம் சரக்கு, வெளியூர்லேருந்து லாரியில வரவழைச்சேன்" என்றார், அந்தக் கவலையிலும் கொஞ்சம் பெருமையாக.

அவள் ஒரு காலிப் பையில் காய்ந்த இலைகளைப் போட்டாள். வாளியை அதில் கவிழ்த்தாள். மேலே மண்ணைத் தள்ளி மூடினாள். கீழே வண்டி மணியடித்துவிட்டுப் போயிற்று.

"அட, வண்டி போயிடுச்சே!"

"எங்க போகுது?"

"குப்பைக்கிடங்குக்குத்தான்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆனாலும் விடவில்லை.

"ஊரே அங்கதாம்மா கொட்டுது. என் ஒரு வாளி போகலைன்னா புகை நின்னுடுமா?"

"நிக்காது."

"அப்புறம்?"

கீழே மரகதம் இருமினார். இருமல் நிற்க வெகு நேரம் ஆயிற்று.

செங்கமலம் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"ஊரு குப்பைக்கு ஊரோட சண்டை போடணும் ஐயா. போடுங்க, நானும் வர்றேன். ஆனா அந்தம்மா நெஞ்சுக்குள்ள போற புகையில நீங்க அனுப்பினது இருக்க வேணாம்."