முப்பாட்டனாரின் ஆமைக்காசு

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டை உதயகேசரி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் ஒன்று சொல்வார், வெயில் ஏறியதும் அதற்கு நேர்மாறாக இன்னொன்று சொல்வார். ஆனால் தண்டோரா போட்ட சொல்லை மட்டும் உயிரே போனாலும் திரும்ப வாங்கமாட்டார். அவருடைய மந்திரி சேந்தனாரின் தலை நரைத்ததே இந்த ஒரு பிடிவாதத்தால்தான்.

அந்த வருஷம் தலைநகரம் கட்டி நூறாண்டு நிறைவு. ராஜாவின் முப்பாட்டனார் கட்டிய ஊர் அது. பொக்கிஷ அதிகாரி தாண்டவராயர் ஒருநாள் பக்குவமாக ராஜாவின் காதில் ஓதினார்.

"மகாராஜா, முப்பாட்டனார் அடித்த ஆமை முத்திரைச் செப்புக்காசுகள் எங்கெங்கோ கேட்பாரற்றுக் கிடக்கின்றன. விழாவன்று கொண்டுவந்து தருகிறவர்களுக்குக் காசுக்கு ஒரு பொன் என்று கொடுத்துப் பாருங்கள். வம்சத்தின் பெருமை எட்டுத் திக்கும் போகும்."

வம்சம் என்ற சொல் காதில் விழுந்தாலே ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அன்றைக்கே தண்டோரா போட்டாயிற்று.

பொக்கிஷத்தில் இருந்த பொன் பெரிய ஏரியின் கரையை உயர்த்துவதற்கென்று ஒதுக்கியது. போன மழையில் கரை உடைந்து கீழ்ப்பக்கத்துக் கிராமங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. இந்த மழைக்குள் கரை எழும்பாவிட்டால் தப்பித்த ஜனமும் போய்ச் சேரவேண்டியதுதான். அதைச் சேந்தனார் ராஜாவிடம் சொல்லியும் பார்த்தார்.

"ஓய் சேந்தனாரே, எந்தக் காலத்துச் செப்புக்காசு! ஒரு கைப்பிடி வந்தால் அதிகம்" என்றார் ராஜா.

"மந்திரியாருக்கு எப்போது பார்த்தாலும் ஏரி, சேறு, மண்வெட்டி" என்று தாண்டவராயர் சிரித்தார். "விழாக் களையே அவர் முகத்தில் இல்லை."

அந்தச் சிரிப்புத்தான் சேந்தனாருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஊரில் யார் வீட்டிலும் ஆமைக்காசு இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஏன் இல்லை என்பதும் தெரியும். அந்தக் காசைக் கடைக்காரர்கள் வாங்காமல் விட்டு வெகுகாலம் ஆகிறது. வெண்ணாவல் ஜனங்களோ மகா சிக்கனம். வீட்டில் ஒருவர் செத்தால் நெற்றியில் ஒரு காசு ஒட்டவேண்டும் இல்லையா? போகிறவருக்கு எதற்கு நல்ல காசு என்று, செல்லாத ஆமைக்காசையே எடுத்து ஒட்டினார்கள். அந்த நெற்றிக்காசு மயானம் காப்பவரைச் சேரும். அரண்மனையில் மட்டும் நெற்றிக்குப் பொற்காசு. ஆகையால் ஊர் முழுக்கத் தெரிந்த இந்தச் சங்கதி ராஜா ஒருவருக்குத்தான் தெரியாது. போய்ச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

சேந்தனார் நேரே மயானத்துக்கு நடந்தார். அங்கே காவலுக்கு இருந்த சுடலைமுத்து சொன்னார்: "நெத்திக்காசுங்களா? எங்க பாட்டன் காலத்துலேருந்து பானை பானையா கெடந்துச்சுங்க சாமி. பொக்கிஷத்து ஐயா ஆளு வந்து, கோயிலுக்கு மணி வார்க்கணும்னு மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டாரு. தண்டோராவுக்கு ரொம்ப முன்னாடியே. ரெண்டு மூட்டை நெல்லு குடுத்தாரு."

"விழாவுக்கு வாரும் சுடலைமுத்து. முன்வரிசையில் நில்லும்" என்று சொல்லிவிட்டுச் சேந்தனார் வீடு திரும்பினார். ராஜாவிடம் போய்ச் சொல்லிப் பயனில்லை. தண்டோரா தண்டோராதான். பொன் வேண்டாம் என்று தாண்டவராயரின் வாயே சொல்லவேண்டும்.

விழா நாள் வந்தது. சபை நிறைய ஜனம். தாண்டவராயர் பட்டு உடுத்து முன்னே வர, பின்னால் ஆட்கள் மூட்டை மூட்டையாகக் காசைச் சுமந்து வந்தார்கள். பார்த்ததும் ராஜாவின் முகம் வெளிறிப்போயிற்று.

"இத்தனையா?"

"எல்லாம் அடியேன் ராஜவம்சத்தின் மேல் வைத்த பக்தி, மகாராஜா. தேடித் தேடிச் சேர்த்தேன். காசுக்கு ஒரு பொன் என்பது தங்கள் வாக்கு."

ராஜா தவித்துப்போய் மந்திரியைப் பார்த்தார். சேந்தனார் அவசரமில்லாமல் எழுந்தார்.

"வாக்கு வாக்குத்தான் மகாராஜா. ஆனால் முப்பாட்டனாரின் காசைப் புளி வாங்குகிற மாதிரி அளந்து வாங்கலாமா? ஒரு மரியாதை வேண்டாமா? தாண்டவராயர் தம் கையாலேயே ஒரு காசை எடுத்துச் சந்தனம் தடவி, மகாராஜாவின் நெற்றியில் ஒட்டட்டும். பிறகு பொன்னை வண்டியில் ஏற்றட்டும்."

சபையில் இருந்தவர்கள் பதறிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராஜாவுக்கு மட்டும் யோசனை மிகவும் பிடித்துவிட்டது. "ஆகட்டும்" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

தாண்டவராயர் காசை எடுத்தார். சந்தனத்தைத் தொட்டார். நெற்றி வரை கொண்டுபோன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். முன்வரிசையில் சுடலைமுத்து கண்கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மகாராஜா, நெற்றியில் மட்டும் வேண்டாமே."

"ஏன் வேண்டாம்?"

"எனக்குப் பொன்னே வேண்டாம். காசைச் சும்மாவே தருகிறேன்."

"நான் கேட்டது அதை இல்லை. நெற்றியில் ஏன் வேண்டாம்?"

தாண்டவராயர் காசைக் கீழே வைத்தார். "அது பிணத்தின் நெற்றியில் ஒட்டின காசு" என்றார், பாதிக் குரலில். மீதியைச் சுடலைமுத்து சொல்லி முடித்தார்.

ராஜா சட்டென்று நிமிர்ந்தார். பிறகு மந்திரியிடம் திரும்பினார். "உமக்கு இது தெரியுமா?"

"தெரியும் மகாராஜா. அவர் ஒட்டமாட்டார் என்பதும் தெரியும். ஒட்டத் துணிந்திருந்தால் கையைப் பிடித்திருப்பேன்."

"தாண்டவராயரே" என்றார் ராஜா. "தண்டோராச் சொல்லை நான் மீறுவதில்லை. இதோ, இங்கேயே படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு காசாக உம் நெற்றியில் ஒட்டச் சொல்கிறேன். ஒட்டின காசுக்கு ஒரு பொன், தட்டாமல் வாங்கிக்கொள்ளும்."

தாண்டவராயர் படுக்கவில்லை. மறுநாள் முதல் தண்டனையாக ஏரிக்கரையில் மண் சுமந்தார். ஒதுக்கிய பொன்னில் ஒரு குன்றிமணி குறையாமல், மழைக்கு முன்னே கரை எழும்பியது. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனாருக்குப் போட்டார்.

மூட்டைகளைச் சுடலைமுத்துவிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ராஜாவுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "செல்லாத காசு ஆயிற்றே, வைத்துக்கொண்டு என்ன செய்வீர்?" என்று கேட்டார்.

"இருக்கட்டுங்க மகாராசா" என்றார் சுடலைமுத்து. "நம்மகிட்ட வராம யாரு இருக்கப் போறாங்க."

ராஜா தம் நெற்றியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.