மூன்றாம் பூச்சு

சாரல் காலத்தில் அந்த ஆசிரமத்தில் எதுவும் முழுதாகக் காய்வதில்லை. தென்காசிக்கு மேற்கே, மலையின் நிழல் பிற்பகலிலேயே வந்து விழுந்துவிடுகிற இடம் அது. உப்பு ஜாடியில் நீர் விடும். தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிரும். கொடியில் தொங்கிக் களைத்த துணிகளை ஈரத்தோடேயே மடித்து வைப்பார்கள்.

யோகாம்பாள் அம்மாதான் ஆசிரமத்தின் தலைவி. ஐம்பதைத் தாண்டியவர். பேச்சு குறைவு. காவி கேட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவர் கண்ணில் ஓர் அலுப்பு தங்கிவிட்டிருந்தது. அவர் கையால் கொடுத்த காவித் துணிகளில் சில, துவைத்து மடித்து, தபாலில் திரும்பி வந்திருந்தன. அவற்றை அவர் பிரித்துப் பார்ப்பதில்லை.

சீடர் கோமதிநாயகம் அவரைவிட வயதில் மூத்தவர். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காந்திமதி இறந்து காரியங்கள் முடிந்த கையோடு வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு பையோடு வந்து சேர்ந்தார்.

வந்த அன்று அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"அவங்களுக்கு என்ன உடம்புக்கு?"

"இளைப்பு. கல்யாணம் ஆகி வந்த நாள்லயிருந்தே உண்டு. சாரல் காத்து பட்டா மூச்சு விடமுடியாது. கடைசியில அதுதான் கொண்டுபோச்சு."

"அழுதீங்களா?"

"ஒரு சொட்டு வரலம்மா. நானே ஆச்சரியப்பட்டேன். அப்பதான் புரிஞ்சுது, எனக்குள்ள எல்லாம் வத்திப்போச்சுன்னு. இனி காவி கட்டவேண்டியதுதான் பாக்கி."

அம்மா, "பார்ப்போம்" என்றார்.

கோமதிநாயகம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அங்கே தீட்சை கொடுப்பது குரு பௌர்ணமி அன்றுதான். அவரே சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவரே வேட்டி வாங்கி வந்து காவிக் கல் கரைத்து முக்கினார். அது கொடியில் காயவே இல்லை. சமையல் செய்யும் இசக்கியம்மாள் அதை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டாள்.

"சாமியாரா ஆகும்போதே சாம்பார் வாடையோடதான் ஆவீக," என்றாள்.

"அடியேனுக்கு வாசனையும் ஒண்ணுதான், வாடையும் ஒண்ணுதான்," என்றார் அவர்.

"பொறவு எதுக்கு நேத்து ரசத்துல பெருங்காயம் கம்மின்னீக?"

அவர் வேட்டியின் ஈரத்தைத் தொட்டுப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அவளுக்கு அவரைக் கேலி செய்ய இன்னொரு விஷயமும் இருந்தது. சாரல் விழத் தொடங்கினால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்துபோய் ஆசிரமத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருவார்; வெயில் வந்தால் யாராவது திறந்துவிடுவார்கள். "சாமி கிளம்பிட்டாக, ஜன்னல் பூசைக்கு," என்பாள். அவருக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியாது.

*

வெளிவாசலிலிருந்து கூடம் வரைக்கும் வண்டி வரும் வழி முன்பு வெறும் மண். சாரல் தொடங்கினால் கார்கள் புதைந்து உறுமும். சித்திரை வெயிலில் கோமதிநாயகம் நின்று பார்த்து, அதில் பேவர் பிளாக் கல் பதித்துக் கொடுத்திருந்தார். சாம்பல் நிறக் கற்கள், விரல் கோர்த்தமாதிரி. இடுக்குகளில் மணல். பார்க்க நன்றாக இருந்தது.

ஆனியில் இடுக்குகளில் புல் எட்டிப் பார்த்தது. கல்லின்மேல் பச்சையாகப் பாசி படர்ந்தது.

"பௌர்ணமிக்கு எல்லாரும் வர்றாங்க. இப்படிக் கிடந்தா எப்படிம்மா? கழுவிட்டு சீலர் அடிச்சுடறேன்," என்றார்.

"அப்படின்னா?"

"கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. அடிச்சுட்டா தண்ணி உள்ள இறங்காது. புல் முளைக்காது, பாசி பிடிக்காது. கல்லும் புதுசு மாதிரி இருக்கும்."

"உள்ள இருக்கற தண்ணி?"

"அது காஞ்சிரும்மா."

நடுவில் இரண்டு நாள் வெயில் வந்தது. அவரே குனிந்து உட்கார்ந்து பூச்சு அடித்தார். ஆசிரமம் முழுக்கப் பூச்சில் கலந்த தின்னர் நெடி. மாலையில் வழி முழுதும் எண்ணெய் தேய்த்த மேனியாகப் பளபளத்தது. இசக்கியம்மாள்கூட, "முகம் பாக்கலாம் போல இருக்கே," என்றாள்.

சாரல் திரும்பி வந்தது. கற்களுக்குள் வெள்ளையாக ஏதோ பூக்கத் தொடங்கியது. முதலில் ஓரங்களில், பிறகு வழி நெடுக. பால் சிந்தி யாரும் துடைக்காமல் விட்டதுபோல. புரை விழுந்த கண்ணைப்போல. துடைத்தால் போகவில்லை. வெள்ளை பூச்சுக்கு அடியில் இருந்தது.

"பூச்சு மெலிசாப் போச்சு," என்று சொல்லி இரண்டாவது முறை அடித்தார்.

வெள்ளை அடர்ந்தது. சில இடங்களில் பூச்சு கொப்புளமாக எழும்பி, வெயில் பட்ட முதுகுத் தோல்போல உரிந்தது. மறுநாள் காலையில் பால் தூக்கோடு வந்த இசக்கியம்மாள் வழுக்கி விழுந்தாள். பால் வழி நீளத்துக்கு ஓடியது. மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"எய்யா, ரோடு போடச் சொன்னா சறுக்குமரம் நட்டு வச்சிருக்கீகளே!" என்று தரையில் உட்கார்ந்தபடியே கத்தினாள்.

அதற்குப் பிறகு யாரும் அந்த வழியில் நடக்கவில்லை. பக்கத்து மண்ணில் இறங்கி நடந்தார்கள். பளபளக்கிற வழிக்குப் பக்கத்திலேயே சேற்றில் ஓர் ஒற்றையடித் தடம் விழுந்தது.

*

பௌர்ணமிக்கு முந்தைய நாள் காலை. கோமதிநாயகம் புதிய டப்பா ஒன்றைத் திறந்துகொண்டிருந்தார். அம்மா மண் தடத்தில் நடந்து வந்து நின்றார்.

"இது என்ன?"

"மூணாவது பூச்சும்மா. வேற கம்பெனி. இது அந்த வெள்ளையை மறைச்சிரும்."

அம்மா வெகுநேரம் கற்களைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார்.

"இதை அடிக்கறதுக்கு முன்னால அடியில ஈரம் இருக்கான்னு பார்க்க வழி உண்டா, நாயகம்?"

"உண்டும்மா. கல்லு மேல பிளாஸ்டிக் தாளை விரிச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டி வெயில்ல விட்டுடணும். ஈரம் இருந்தா மேல வந்து தாள்ல முத்து முத்தா நிக்கும்."

"பார்த்தீங்களா?"

"இல்ல."

"மறந்துட்டீங்களா?"

அவர் டப்பாவின் மூடியைப் பார்த்தார். "மறக்கலை. இதைச் செய்யலைன்னு எத்தனையோ கான்ட்ராக்டரைத் திட்டியிருக்கேன். நாள் நெருங்கிடுச்சுன்னு..."

அம்மா கையை நீட்டினார். டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த சுரண்டுகிற தகட்டைக் கேட்கிறார் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"நீங்க எதுக்கும்மா?"

"கொடுங்க."

அம்மா சுரண்டத் தொடங்கினார். பூச்சு சுருள் சுருளாக வந்தது. ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் வெறும் கல்லாக ஆனது. அப்போது மேகம் விலகி வெயிலும் வந்தது. கல் வெளுத்துக் காய்ந்தது. கோமதிநாயகம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"நல்லாக் காஞ்சிருக்கு," என்றார்.

"தாளை ஒட்டுங்க."

ஒட்டினார். அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்த வேளையில் ஒரு சாரல் வந்து போனது. பெரிய சாரல் இல்லை. இலைகளைத் தொட்டுவிட்டுப் போகிற வகை.

வெயில் திரும்பியதும் அம்மா வெளியே வந்தார். கோமதிநாயகம் ஏற்கெனவே தாளின் பக்கத்தில் குந்தியிருந்தார். தாள் முழுக்க நீர்த்துளிகள்.

"இது இப்ப விழுந்த சாரல்மா," என்றார் அவசரமாக.

"துடைச்சுப் பாருங்க."

தோள் துண்டால் துடைத்தார். அழுத்தித் துடைத்தார். துளிகள் அப்படியே நின்றன. விரலால் தொட்டார். தாளின் மேற்புறம் காய்ந்திருந்தது. துளிகள் உட்புறத்தில், நெருக்கமாக, ஒன்றோடொன்று சேர்ந்து கனத்துக்கொண்டிருந்தன.

அவர் கை துண்டோடு அப்படியே நின்றது.

"மேல காஞ்சுதாம்மா இருந்துச்சு," என்றார்.

"ஆமா. நானும் பார்த்தேன்."

காற்றில் ஈர மண் வாசம் வந்தது. சமையல்கட்டில் இசக்கியம்மாள் ஒற்றைக் கையால் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

"எப்ப காயும்?" என்றார் அம்மா.

"சொல்ல முடியாது. வெயிலைப் பொறுத்தது, காத்தைப் பொறுத்தது. நாம ஒண்ணும் செய்ய வேண்டாம். மூடாம விட்டாப் போதும்." கொஞ்சம் நிறுத்தி, "எல்லாத்தையும் சுரண்டி எடுத்துடறேன்," என்றார்.

"நாளைக்குள்ள முடியுமா?"

"முடியாது."

"உங்க சொந்தக்காரங்க வருவாங்களே?"

"பாதி உரிஞ்சு கிடக்கறதைப் பார்த்துட்டுப் போகட்டும்." மூடியை டப்பாவின்மேல் வைத்து, கையால் தட்டி இறுக்கினார்.

அம்மா தலையசைத்தார். "காவித் துணியும் அடுப்புக்கு மேலேயே கிடக்கட்டும். இசக்கிகிட்ட சொல்லிட்டேன்."

கோமதிநாயகம் நிமிர்ந்தார். முகம் சட்டென்று சிறுத்துப்போயிற்று.

"கல்லு சரிம்மா. அது என் தப்பு. அதுக்காகத் தீட்சையை நிறுத்துவீங்களா?"

"கல்லுக்காக இல்ல."

"பின்னே? நான் எதைப் பிடிச்சு வச்சிருக்கேன்? வீட்டைப் பூட்டினேன். சாவியைத் தம்பிகிட்ட கொடுத்தேன். அவ சேலை ஒண்ணுகூட வச்சுக்கலை. அவ பேரைச் சொல்லிக்கூட நாளாச்சு. எனக்குள்ள என்ன மிச்சம் இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அம்மா மலையைப் பார்த்தார். மலை முகடு தெரியவில்லை. அடுத்த சாரல் அங்கே இறங்கிக்கொண்டிருந்தது.

"மத்தியானம் கண்ணை மூடிப் படுத்திருந்தேன்," என்றார். "சாரல் வந்துச்சு. யாரோ வந்து என் ஜன்னலைச் சாத்தினாங்க."

"நான்தாம்மா."

"கொக்கியைப் போடுறப்ப சத்தமே வரலை."

"தூங்கறவங்க முழிச்சிடக் கூடாதுன்னு கொக்கிக்கு அடியில விரலை வச்சுப் போடுவேன். பழக்கம்."

"அப்புறம் இசக்கி அறை. அதுக்கப்புறம் யாருமே இல்லாத விருந்தினர் அறை."

"சாரல் காத்து உள்ள வந்துடக் கூடாதுல்லம்மா," என்றார் அவர், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல.

அம்மா அவர் பக்கம் திரும்பினார். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"இங்க யாருக்கும் இளைப்பு இல்லையே, நாயகம்."

சாரல் வந்தது. முதலில் கூரையில் கேட்டது, பிறகு தாளின்மேல். கூடத்தில் ஏதோ ஒரு ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டது. இன்னொன்றும். சமையல்கட்டிலிருந்து இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

கோமதிநாயகம் எழுந்திருக்கவில்லை.